பம்பைக் கழற்றும் முன்: நாமே பொருத்திய வேக்போர்டு படகு பாலாஸ்ட் மக்கர் செய்தால்

வேக்போர்டு என்பது படகு இழுக்க, பலகையில் நின்று சறுக்கும் விளையாட்டு. படகின் பின்னால் எழும் அலைதான் வேக். அது பெரிதாக எழ, படகுக்குள் இருக்கும் பைகளில் ஏரித் தண்ணீரை ஏற்றிப் பாரம் கூட்டுவதுதான் பாலாஸ்ட்.

ஆஸ்டின் பக்கத்து லேக் டிராவிஸ் ஏரியில் ஒரு சனிக்கிழமைக் காலை. சுவிட்சைப் போட்டதும் பம்ப் ‘ஙொய்’ என்று கத்தியது. பை மட்டும் காலிச் சாக்கு மாதிரி கிடந்தது. “மாமா, பம்ப் போச்சு” என்றான் மைத்துனன். புதுப் பம்ப் வாங்கி வந்து, டெக்சஸ் வெயிலில் லாக்கருக்குள் தலைகீழாகத் தொங்கி மாற்றினோம். புதுசும் அதே ஙொய். பழைய பம்பில் ஒரு குறையும் இல்லை, ஹோஸில் காற்று நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று முதல் எங்கள் படகில் பம்பைக் கடைசியாகத்தான் தொடுவோம். காற்று எங்கே நிற்கிறது, மின்சாரம் எங்கே குறைகிறது, இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர். கீழே இருப்பதெல்லாம் அந்த வரிசையில் கற்றுக்கொண்டது.

எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 21 அடி வி-டிரைவ் (இன்ஜின் பின்பக்கம் இருக்கும்) படகு. பின் லாக்கர் இரண்டிலும் ஆளுக்கொரு 550 பவுண்டுப் பை, முன் இருக்கைக்கு அடியில் 300 பவுண்டுப் பை. மூன்றும் நிரம்பினால் சுமார் 635 கிலோ, அதாவது 635 லிட்டர். எட்டுப் பெரிய ஆட்கள் கூடுதலாக ஏறி உட்கார்ந்த மாதிரி. படகின் கொள்ளளவுத் தகட்டில் எழுதியிருக்கும் எடையில் நாமே சேர்த்த தண்ணீரையும் கழித்துத்தான் ஆள் ஏற்ற வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் நாங்கள் முன் பையைத் தொடுவதே இல்லை.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது எந்த வகைப் பம்ப் என்று தெரியாமல் கீழே படிக்காதீர்கள். ஏரேட்டர் பம்ப் என்பது சின்ன சென்ட்ரிஃபியூகல், அதாவது சக்கரம் சுழன்று தண்ணீரை வீசித் தள்ளும் பம்ப். தானாகத் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்காது, நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் வேலை செய்யும். நிரப்ப ஒன்று, காலி செய்ய ஒன்று என்று தனித்தனியாக வேண்டும். இம்பெல்லர் பம்ப் ரப்பர் இறக்கைகள் உள்ளது. தானே உறிஞ்சும், மின்முனையை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையிலும் ஓடும், அதனால் ஒரே பம்ப் நிரப்பும், காலியும் செய்யும். இரண்டின் நோயும் வேறு, மருந்தும் வேறு.

ஏரேட்டர் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

முதலில் த்ரூ-ஹல் (ஏரித் தண்ணீர் உள்ளே வர படகின் அடியில் போட்ட துளை) வால்வு திறந்திருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், நாங்கள் இரண்டு முறை மூடிய வால்வோடு பம்பைத் திட்டியிருக்கிறோம்.

வால்வு திறந்திருந்தால் காதைக் கொடுங்கள். காற்றில் சுற்றும் பம்பின் சத்தம் மெல்லிசாக, உச்சத்தில் இருக்கும். தண்ணீரைப் பிடித்த நொடியில் சத்தம் தடித்து இறங்கும். அந்த மாற்றம் வரவில்லையென்றால் காற்று அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டலாம். ஊரில் கிணற்று மோட்டாருக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றி பிரைம் பண்ணுவோமே, அதே சங்கதி. சென்ட்ரிஃபியூகலுக்குக் காற்றைத் தள்ளத் தெரியாது.

உடனடி வைத்தியம்: பம்பை நிறுத்துங்கள். படகை மெதுவாக, ஆள் நடக்கும் வேகத்துக்குச் சற்று மேலே, முன்னால் பத்து விநாடி நகர்த்துங்கள். உள்வாய் முன்பக்கம் பார்த்த ஸ்கூப் (கரண்டி மாதிரி வாய்) என்றால் தண்ணீரே காற்றை மேலே தள்ளிவிடும். நின்றபின் பம்பைப் போடுங்கள். பெரும்பாலும் பிடித்துவிடும். ரிவர்ஸ் கியரில் இருந்துகொண்டு மட்டும் நிரப்பாதீர்கள். புரொப்பெல்லர் கிளப்பும் நுரைத் தண்ணீர் அப்படியே படகின் வயிற்றுக்கு அடியில் முன்னோக்கி ஓடி, பம்பின் வாய்க்குள் போகும். படகுத்துறையில் பின்வாங்கி நின்று அப்படியே சுவிட்சைப் போடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை வருவதில் ஆச்சரியமே இல்லை.

இது வாராவாரம் வருகிறதென்றால் குழாய்ப் பாதையில்தான் குற்றம். பம்பிலிருந்து பை வரை ஹோஸ் ஒரே ஏற்றமாகப் போக வேண்டும். எங்கள் ஹோஸ் ஸ்ட்ரிங்கரை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டம்) தாண்டும் இடத்தில் ஒரு கை அகலத்துக்குத் தொப்பை போட்டிருந்தது. அந்தத் தொப்பையில் போன வாரத்துத் தண்ணீர் தேங்கி, அதற்கும் பம்புக்கும் நடுவே காற்று சிறைப்பட்டிருந்தது. இரண்டு கிளாம்ப் போட்டு ஹோஸைத் தூக்கிக் கட்டினோம். பழைய பம்ப்தான் ஓடுகிறது, கழற்றிய புதுப் பம்ப் பெட்டிக்குத் திரும்பித் தூங்குகிறது. பம்பின் வெளிவாய் பக்கவாட்டில் இருந்தால் தலையைத் திருப்பி, வாய் மேல்பக்கம் பார்க்கிற மாதிரி வையுங்கள். குமிழிக்கு வெளியேற வழி கிடைக்கும்.

இம்பெல்லர் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது

இங்கே காற்று அடைப்பு இல்லை, காற்றுக் கசிவு. உறிஞ்சும் பக்கத்தில் ஒரு கிளாம்ப் தளர்ந்தால் பம்ப் ஏரியை விட்டுவிட்டுக் காற்றை உறிஞ்சும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது என்பதால் கண்ணுக்குத் தெரியாது. மூட்டுகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டுப் பம்பை ஓட்டுங்கள். சோப்புப் படலம் எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கேதான் ஓட்டை.

கசிவு இல்லையென்றால் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி இம்பெல்லரைப் பாருங்கள். வறண்டு ஓடிய இம்பெல்லரின் இறக்கைகள் அடியில் வெடித்திருக்கும், ஒன்றிரண்டு பிய்ந்து போயிருக்கும். பிய்ந்த துண்டை எண்ணித் தேடி எடுங்கள். அது ஹோஸுக்குள் போய் வளைவில் நின்றுகொண்டு, புது இம்பெல்லர் போட்ட பிறகும் உங்களை அலைக்கழிக்கும். புதுசைப் பொருத்தும்போது பாத்திரம் கழுவும் சோப்பு அல்லது கிளிசரின் தடவினால் போதும். பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊத வைக்கும்.

இந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். பை காலியான பிறகும் ஓடவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் சூடாகி வேகும். எங்கள் சுவிட்சுக்கு ஒரு டைமர் வைத்தபின் இம்பெல்லர் வாங்குவதே குறைந்துபோனது.

பை பாதியில் நின்றுவிடுகிறது, தட்டினால் மத்தளம் மாதிரி ஒலிக்கிறது

அந்த ஒலி காற்றின் ஒலி. தண்ணீர் நிரம்பிய பை தட்டினால் ‘தொப்’ என்றுதான் சொல்லும். வென்ட் ஹோஸ் (பையிலிருந்து காற்று வெளியேறும் குழாய்) பையின் உச்சிப் புள்ளியில் இல்லை. படகு நிற்கும்போது உச்சி எது, முன்பக்கம் தூக்கியிருக்கும்போது உச்சி எது என்று பார்த்து வைக்க வேண்டும். பின் லாக்கர்ப் பைகளுக்கு அது பெரும்பாலும் முன்மூலையாக இருக்கும், ஏனென்றால் நிரம்ப நிரம்பப் படகின் பின்புறம் உட்கார்ந்துகொள்ளும். தற்காலிகமாக, பையின் மறுகோடியை முழங்காலால் அழுத்திக் காற்றை வென்ட் பக்கம் ஓட்டலாம்.

இதே குறை இம்பெல்லர் பம்பில் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஏரேட்டருக்கு அழுத்தம் கொடுக்கும் தெம்பு கிடையாது, பை இறுகினால் சும்மா சுற்றும். இம்பெல்லர் அப்படி விடாது, தள்ளிக்கொண்டே இருக்கும். வென்ட் அடைத்திருந்தால் பையின் தையல் பிரியும், இல்லையென்றால் மேலே இருக்கும் இருக்கைப் பலகை தூக்கும். குளவி கட்டிய மண்கூடு ஒன்று எங்கள் வென்ட் வாயில் இருந்தது. லாக்கர் மூடியின் கீல் வளைந்த பிறகுதான் அது தெரிந்தது.

நிரப்பிய தண்ணீர் தானாக இறங்குகிறது, அல்லது காலி செய்த பை தானாக நிரம்புகிறது

எனக்குப் பிடித்த நோய் இது, கண்டுபிடிக்கும் வரை பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

நிறுத்திய ஏரேட்டர் பம்ப் ஒரு திறந்த குழாய். அதில் தண்ணீரைத் தடுக்க எதுவும் இல்லை. பையின் நீர்மட்டம் ஏரியைவிட உயரமென்றால் நிரப்பிய வழியாகவே சைஃபனாகித் திரும்ப ஏரிக்குப் போகும். கெட்டியான தொட்டி என்றால் காற்று உள்ளே புகுந்து சைஃபன் அறுந்துவிடும். நம்முடையது தொய்யும் பை. உறிஞ்சிய பால் பாக்கெட் மாதிரி சுருங்கிக்கொண்டே கடைசிவரை கொடுத்துவிடும்.

ஓட்டும்போது கதை மாறும். ஸ்கூப் முன்பக்கம் பார்த்திருந்தால் படகின் வேகமே தண்ணீரை உள்ளே அழுத்தும், காலிப் பை நிரம்பும். த்ரூ-ஹல் சமதட்டையாக இருந்தால் வேகத்தில் உறிஞ்சும், நிறைந்த பை காலியாகும். மூன்று பைகளையும் ஒரே உள்வாயிலிருந்து பிரித்து எடுத்திருந்தால் இன்னொரு கூத்தும் உண்டு: முன்பக்கம் தூக்கும்போது முன் பைத் தண்ணீர் அந்தப் பொதுக்குழாய் வழியே பின் பைகளுக்கு வந்துவிடும். வேக் முதல் சுற்றில் அருமையாக இருந்து மூன்றாவது சுற்றில் செங்குத்தாகிக் கலங்கினால் இதைச் சந்தேகியுங்கள்.

சரிசெய்ய எளிய வழி, நிரப்பியவுடன் உள்வாயின் பால் வால்வை மூடுவது. மறக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. நாங்கள் நிரப்பும் ஹோஸைப் படகின் பக்கச் சுவர் விளிம்பு வரை தூக்கி, உச்சியில் காற்று வால்வு உள்ள வளையம் வைத்தோம். பம்ப் நின்றதும் அங்கே காற்று புகுந்து சைஃபன் அறுகிறது. நிரம்பும் நேரம் கொஞ்சம் கூடியது: பெட்டியில் மணிக்கு 1200 கேலன் என்று போட்ட பம்புக்குக் கணக்குப்படி 250 லிட்டர் மூன்றரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும், எங்களுக்கு ஆறு ஆகிறது. பெட்டியில் போட்டிருப்பது ஹோஸும் ஏற்றமும் இல்லாத அளவு, அதை நம்பி யாரும் கோபப்பட வேண்டாம்.

சர்ஃபிங்குக்காக (கயிறு இல்லாமல் படகின் அலையிலேயே சறுக்குவது) படகை ஒரு பக்கம் சாய்க்கிறவர்கள் வென்ட் வாயையும் கவனியுங்கள். சாய்ந்த பக்கத்து வென்ட் நீருக்குள் போனால் ஏரி அந்த வழியாகவும் பைக்குள் வரும். வென்ட் ஹோஸில் வெளியே மட்டும் விடுகிற ஒருவழி வால்வு போட்டால் இது நிற்கும். கூடவே ஒரு லாபமும் உண்டு, அது அடுத்த பத்தியில் வருகிறது.

கடைசி நாற்பது ஐம்பது லிட்டர் இறங்க மாட்டேன் என்கிறது

காலி செய்யும் பம்ப் வென்ட் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டால், பை சுருங்காமல் மேலே காற்றும் கீழே தண்ணீருமாக நிற்கும். ஏரேட்டர் அந்தக் காற்றை ஒருமுறை விழுங்கினால் பிடிமானம் போய்விடும். மேலே சொன்ன ஒருவழி வால்வு இருந்தால் காற்று வராது, பை ஒட்டிச் சுருங்கிக் கடைசிச் சொட்டு வரை கொடுக்கும். கெட்டித் தொட்டிக்கு இந்த வால்வைப் போட்டுவிடாதீர்கள், அதற்குள் காற்று போயே ஆக வேண்டும்.

வால்வு இருந்தும் நின்றால் பையின் மேல்துணி வெளிவாயில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை வாயின் உட்பக்கம் செருகி வைத்தால் தீரும்.

காலி செய்யும் வரிசையும் முக்கியம். முன் பைதான் முதலில். பின்புறம் காலியாகி முன்புறம் மட்டும் கனத்தால், படகைச் சட்டென நிறுத்தும்போது சொந்த அலையே பின்னாலிருந்து வந்து தூக்கும், மூக்கு அமுங்கும், முன் இருக்கைக்குள் ஏரி கொட்டும். எங்களுக்கு ஒருமுறை இருக்கைத் துண்டுகள், செல்போன், ஒரு சட்டி லெமன் சாதம் எல்லாம் நனைந்தன.

ஃப்யூஸ் போகிறது, அல்லது பம்ப் சோம்பலாக ஓடுகிறது

ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸ் போடுவது நம்மவர்களின் முதல் யோசனை. ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. அதைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது வயர்தான், அதுவும் பெட்ரோல் ஆவி நிற்கிற இன்ஜின் அறையில். அங்கே வைக்கும் பம்ப், ரிலே, சுவிட்ச் எல்லாமே பொறி வெளியே வராத, மரைன் தரத்து இக்னிஷன் புரொடெக்டட் சாமானாக இருக்க வேண்டும். கார்க் கடை ரிலே பாதி விலையில் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். மூடியைத் திறந்து மோப்பம் பிடித்து, பிலோயரை (இன்ஜின் அறை ஆவியை வெளியே தள்ளும் விசிறி) நான்கு நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் மின்சார வேலையைத் தொடங்குங்கள்.

மின்சாரக் குறையை மல்டிமீட்டர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். ஆனால் பம்ப் ஓடும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும் வயரில் எப்போதும் 12.6 காட்டும், அதை நம்பி ஏமாறாதவர் இல்லை. சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் வையுங்கள், கறுப்பு முனையை பம்பின் பாசிட்டிவ் வயரில். பம்பை ஓட்டுங்கள். திரையில் தெரிவது அந்த வழியில் தொலைந்த வோல்ட். பிறகு நெகட்டிவ் பக்கமும் அதே மாதிரி. இரண்டையும் கூட்டி 12 வோல்ட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் வயரிங்தான் நோயாளி.

எங்கள் படகில் அப்படி வந்தது 2.1. இம்பெல்லர் பம்ப் 15 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து ஆறு மீட்டர் போய் ஆறு மீட்டர் திரும்புகிற வயர், நான் போட்டது 14 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). கணக்குப் போட்டால் அந்தச் செம்பிலேயே ஒன்றரை வோல்ட் போய்விடும். 10 கேஜ் போட்டிருந்தால் சுமார் 0.6 தான் போயிருக்கும். மீதி எங்கே? டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிக்கொண்டே போனேன். ஒரு கிரிம்ப் (வயர்களை நசுக்கி இணைக்கும் மூட்டு) மட்டும் டீ டம்ளர் மாதிரி சுட்டது. அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாகியிருந்தன. தகரப் பூச்சுள்ள மரைன் வயர், பசையோடு சுருங்கும் உறை உள்ள கிரிம்ப், இவை இரண்டிலும் நான் மிச்சம் பிடித்த காசைவிட ஒரு பம்பின் விலை அதிகம்.

வயரிங் சுத்தமாக இருந்தும் ஃப்யூஸ் போனால், யார் சுவிட்சைத் தட்டுகிறார்கள் என்று பாருங்கள். நிரப்புவதிலிருந்து காலிக்கு ஒரே தட்டாகத் தட்டினால், ஒரு திசையில் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் எதிர்த்திசை மின்சாரத்தை வாங்கி வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். நடுவில் இரண்டு விநாடி நிறுத்துங்கள். எங்கள் குற்றவாளி மைத்துனனின் பத்து வயது மகன்.

பில்ஜில் (படகின் அடிவயிற்றுப் பள்ளம்) தண்ணீர் சேருகிறது

பாலாஸ்டா, இன்ஜின் குளிர்விக்கும் தண்ணீரா, ஷாஃப்ட் வாயா என்று ஏரியில் நின்று ஆராய்வது வீண். வீட்டு வாசலில், டிரெய்லரில் வைத்து, தோட்டக்குழாயால் ஒவ்வொரு பையாக நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறக் கேசரிக் கலர். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் பில்ஜில் எந்த நிறம் என்று பாருங்கள். எங்களுக்குப் பச்சை வந்தது, இடது பின் பை. வாயின் ஓ-ரிங் நசுங்கியிருந்தது. டிரெய்லரும் அச்சும் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு பை மட்டும். 635 கிலோவையும் ஏற்றிப் பார்க்க வேண்டாம்.

நிறமே வரவில்லையென்றால் அது பாலாஸ்ட் நோய் இல்லை, வேறு வைத்தியரிடம் போக வேண்டும்.

எல்லாம் நிரம்பியும் வேக் சரியில்லை

இது குழாய் வேலை இல்லை, ஆள் உட்காரும் வேலை. வேக் செங்குத்தாக, உச்சியில் நுரைத்தால் பின்பாரம் அதிகம், முன்னால் சேருங்கள். ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து எடையை அந்தப் பக்கம் மாற்றிப் பாருங்கள். 80 கிலோ நண்பர் ஒருவர் இடம் மாறினாலே தெரியும். அவரிடம் காரணத்தைச் சொல்லாமல் இருப்பது நட்புக்கு நல்லது. போர்டுக்கு மணிக்கு 34 முதல் 37 கிலோமீட்டர், சர்ஃபுக்கு 16 முதல் 18. வேகத்தை ஒன்றிரண்டு மாற்றிப் பார்க்காமல் பையைக் குறை சொல்லாதீர்கள். பாரத்தோடு படகு எழும்பவே திணறினால், முழு திராட்டிலில் இன்ஜின் அதற்குரிய ஆர்பிஎம்மைத் தொடவில்லையென்றால், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் வேண்டும்.

துர்நாற்றம், சிப்பி, உறைபனி

ஏரிக்கு ஏரி பரவும் அந்நியச் சிப்பியான சீப்ரா சிப்பி டெக்சஸில் முதலில் 2009-ல் லேக் டெக்சோமாவில் தென்பட்டது, 2017-ல் டிராவிஸுக்கு வந்துவிட்டது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஒரு பையில் மிஞ்சும் தண்ணீரே அதற்குப் போதும். 2014 ஜூலை முதல் மாநிலம் முழுவதும், பொது ஏரிக்கு வரும்போதும் போகும்போதும் படகின் தண்ணீரையெல்லாம் வடித்தாக வேண்டும் என்பது சட்டம். பம்ப் வறண்டு ஓடுகிறது என்பதற்காகப் பை காலி என்று அர்த்தமில்லை. வாயைக் கழற்றி, மறுகோடியைத் தூக்கிப் பிடியுங்கள், இன்னும் இரண்டு மூன்று லிட்டர் வரும். இன்னொரு ஏரிக்குப் போவதற்கு முன் ஒரு வாரமாவது வாயைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள், நாற்றமும் போகும்.

2021 பிப்ரவரி உறைபனியில் எங்கள் இம்பெல்லர் பம்பின் உடல் நீளவாக்கில் விரிசல் விட்டது. ஆஸ்டினில் எங்கே உறையப்போகிறது என்று அசட்டையாக இருந்ததற்குக் கூலி. இப்போது நவம்பரிலேயே பம்ப் மூடியைக் கழற்றி இம்பெல்லரை எடுத்து ஒரு பையில் போட்டு ஸ்டியரிங்கில் கட்டிவிடுகிறோம். ஹோஸ் வளைவுகளில் குடிநீர்க் குழாய்க்குப் போடுகிற இளஞ்சிவப்பு புரொப்பிலீன் கிளைகால், காருக்குப் போடுகிற பச்சை கூடாது. இம்பெல்லரை ஸ்டியரிங்கில் கட்டுவது எதற்கென்றால், வசந்தத்தில் முதல் நாள் அதைப் போடாமலே சுவிட்சைத் தட்டி, “மாமா, பம்ப் போச்சு” என்று யாரும் சொல்லக்கூடாது.